சுவர் வெப்பத் தடுப்பு வேலை: கடலூர், புதுச்சேரி வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மேற்குச் சுவரின் சூட்டைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி எங்களிடம் பணம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர், விலைப்புள்ளியில் எழுதிக் கொடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றைச் சுவருக்குள் மூடி வைத்துப் போனார். இதே பேச்சுடன் இந்தப் பகுதியில் இன்னும் சில வீடுகளுக்கும் அவர் போய்வருவதாகக் கேள்விப்பட்டதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. மாடியில் அப்பா படுக்கும் அறையின் மேற்குச் சுவர் 9 அங்குலச் செங்கல் சுவர். பிற்பகல் வெயிலில் ஏறும் சூடு அதைக் கடந்து உள்ளே வரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், வெளியே கடற்காற்று வீசும் இரவு வேளையிலும் உள்சுவர் கை வைத்தால் சுடும். சுவரின் வெளிப்பக்கத்தில் 50 மில்லிமீட்டர் கனமுள்ள எக்ஸ்பிஎஸ் பலகையை (தெர்மோகோல் வகையைச் சேர்ந்த, அடர்த்தியான நுரைப் பலகை) ஒட்டி, வலை வைத்துப் பூசித் தருவதாக விலைப்புள்ளியில் இருந்தது. அது சரியான வேலைதான். ஆனால் நாங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் ஆட்கள் வந்து, சாரம் கட்டாமல், உள்பக்கத்திலேயே ஜிப்சம் போர்டு அடித்துப் பெயிண்டும் பூசி முடித்துவிட்டார்கள். கேட்டதற்கு, "இது புதிய முறை சார், பலன் அதேதான்" என்றார் ஒப்பந்தக்காரர்.

அதை நிரூபிக்க, தான் கொண்டுவந்த வெள்ளி நிறத் தாள் ஒன்றை வெயிலில் வைத்து, தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியைக் காட்டினார். பக்கத்துச் சுவரைவிடத் தாளில் அளவு மிகக் குறைவாகவே காட்டியது. இங்கேதான் கவனம் வேண்டும். அந்தக் கருவி, பொருள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வைத்துக் கணக்கிடுகிறது. பளபளப்பான உலோகத் தாள் அந்தக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும் என்பதால், அது சூடாக இருந்தாலும் கருவி குறைத்தே காட்டும். தாளின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, சற்றுப் பொறுத்து அந்த டேப்பில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

சுவிட்ச் பெட்டி வைக்க எலெக்ட்ரீஷியன் போர்டை அறுத்தபோது, உள்ளே இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது: ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பபுள் ஃபாயில் (காற்றுக் குமிழிகள் கொண்ட பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய வெள்ளித் தாள்), அங்கங்கே பசைக் கட்டிகள், ஃபாயிலை நசுக்கி ஒட்டியிருந்த போர்டு. வெள்ளித் தாள் வேலை செய்ய வேண்டுமானால் அதன் முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். இங்கே அது இல்லவே இல்லை. இப்படி நசுங்கிய 4 மில்லிமீட்டர் ஃபாயிலின் தடுப்புத் திறன், 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகையின் திறனில் பதினைந்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். சாதாரண 9 அங்குலச் சுவரில் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, சுமார் 2 வாட் வெப்பம் கடக்கும். அந்தப் பலகையைச் சேர்த்தால் அது ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். உள்சுவரில் பூசும் 'வெப்பத் தடுப்பு பெயிண்ட்' விஷயத்திலும் இதே கணக்குத்தான்: அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சு, வெப்பம் கடப்பதைத் தடுக்காது. வெயில் படும் வெளிப்பரப்பில் வெள்ளைப் பூச்சு உதவும், அது வேறு விஷயம்.

ஐப்பசி மழையில் வெளிச்சுவர் வாங்கிய ஈரம் உள்பக்கம் உலர வழியில்லாமல் ஃபாயிலுக்குப் பின்னால் தங்கி, ஓதம் ஏறி, போர்டின் அடிப்பகுதியில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. அப்பாவுக்கு இருமல் இருப்பதால் அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட கோபத்தைச் சொல்லி மாளாது.

இத்தகைய வேலை கொடுப்பவர்கள் பொருளின் பெயர், கனம், வெப்பக் கடத்துத் திறன் மூன்றையும் விலைப்புள்ளியில் எழுதி வாங்குங்கள். தெர்மோகோல் பலகை என்றால் ஐஎஸ் 4671 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி செய்ததா என்று கேளுங்கள். பலகை ஒட்டியதும், பூசி மூடும் முன், அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அதன் பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள்.

ஒப்பந்தக்காரர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. விலைப்புள்ளி, ரசீது, அறுத்த இடத்தின் படங்கள் ஆகியவற்றுடன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழிகாட்டுகிறார்கள். உள்பக்கப் போர்டுகள் முழுவதையும் கழற்றியாகிவிட்டது. ஈரத்தை வைத்து மூடினால் மறுபடியும் பூஞ்சைதான் என்பதால், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வெளியே சாரம் கட்டலாம் என்று எங்கள் மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.