அமெரிக்கக் கருவூலத்துறையின் 'ஃபிஸ்கல் டேட்டா' தளம்: கடன் தொகையை விட்டுவிட்டு வட்டியைப் பாருங்கள்

அமெரிக்க அரசுக்கு எவ்வளவு கடன் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை விறுவிறுவென்று எண்கள் ஓடும் கடன் கடிகாரங்கள்தான். அவை வேடிக்கைக்குச் சரி, விஷயம் தெரிய வேண்டுமென்றால் கருவூலத்துறையே நடத்தும் இந்தத் தளத்துக்குப் போவதுதான் நல்லது. இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தரவை எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், புரோகிராம் எழுதுபவர்கள் ஏபிஐ வழியாக, அதாவது புரோகிராமே நேரடியாகத் தரவைக் கேட்டு வாங்கும் வழியில், எடுக்க அனுமதிச் சாவி கூட வேண்டாம். அரசாங்கத் தளத்தில் இவ்வளவு தாராளம் அபூர்வம்.

எல்லோரும் முதலில் திறப்பது 'டெட் டு தி பென்னி'. 1993 ஏப்ரல் முதல் ஒவ்வொரு வேலைநாளின் மொத்தக் கடனும் சென்ட் வரை இருக்கிறது. ஆண்டுக் கணக்கு போதுமென்றால் 1790 வரை பின்னால் போகலாம். ஆனால் இந்த அட்டவணையைத் தனியாகப் படித்தால் ஏமாந்துபோவோம். 2023 ஜனவரியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை கடன் சுமார் 31.4 லட்சம் கோடி டாலரிலேயே அசையாமல் நிற்கும், ஏதோ சிக்கனம் வந்துவிட்டது போல! உண்மையில் அப்போது சட்டம் அனுமதிக்கும் கடன் உச்சவரம்பைத் தொட்டுவிட்டார்கள், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிகளில் செய்ய வேண்டிய முதலீட்டை நிறுத்திவைத்துச் சமாளித்தார்கள். வரம்பைத் தற்காலிகமாக விலக்கியதும் அதே ஜூனில் 32 லட்சம் கோடியைத் தாண்டியது. இன்னொன்று, மொத்தத் தொகையில் ஏழு லட்சம் கோடிக்கு மேல் சமூகப் பாதுகாப்பு நிதி போன்ற அரசின் சொந்தக் கணக்குகளே வைத்திருக்கும் பத்திரங்கள். சந்தையில் வாங்கிய கடன் அட்டவணையில் தனி நெடுவரிசையாக இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்தத் தளத்தின் பொக்கிஷம் அதிகம் பேர் திறக்காத சராசரி வட்டி விகிதப் பட்டியல்தான். 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 1.6 சதவீதமாக இருந்தது 2024 முடிவில் 3.3 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. பழைய குறைந்த வட்டிப் பத்திரங்கள் முதிர்ந்து அவற்றின் இடத்தில் புதியவை அதிக வட்டிக்கு வருவதால், புதிதாக ஒரு டாலர் கூட வாங்காவிட்டாலும் செலவு ஏறிக்கொண்டே போகும். இதை வைத்துக்கொண்டு மாதாந்தரக் கருவூல அறிக்கையைத் திறந்தால் படம் தெளிவாகிறது. 2024 நிதியாண்டில் வரவு 4.92 லட்சம் கோடி டாலர், செலவு 6.75 லட்சம் கோடி, அதில் நிகர வட்டி மட்டும் சுமார் 88,000 கோடி, பாதுகாப்புச் செலவை விட ஒரு படி மேல். முதியோர் ஓய்வூதியமும் மருத்துவமும் தேர்தல் நேரத்தில் யாரும் கைவைக்கத் துணியாத செலவுகள், வட்டியோ கைவைக்கவே முடியாதது. மிச்சத்தில்தான் அரசியல்வாதிகள் சண்டை போடுகிறார்கள்.

போகிற போக்கில் ஒன்று. கடனை அடைக்கப் பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடைக்குக் கூட இங்கே ஒரு பட்டியல் உண்டு. மாதாமாதம் யாரோ கொடுக்கத்தான் செய்கிறார்கள், அதில் இதுவரை சேர்ந்த அத்தனையையும் கூட்டினாலும் ஒரு நாள் வட்டிக்குக் காணாது.

புதியவர்களுக்கென்று வரவு, செலவு, பற்றாக்குறை, கடன் என நான்கு விளக்கப் பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். படங்கள் அழகு, மொழி எளிது, ஆனால் ரொம்பவே சாதுவான நடை. வரிக்குறைப்பு எவ்வளவு, கொரோனா நிவாரணம் எவ்வளவு, மக்கள்தொகை முதுமை அடைவது எவ்வளவு என்று காரணத்தைப் பிரித்துக் காட்டும் இடத்தில் நழுவிவிடுகிறது. கருவூலத்துறை தன்னைத் தானே விமர்சிக்காது என்பது எதிர்பார்த்ததுதான்.

மற்ற நாடுகளோடு ஒப்பிட இந்தத் தளம் உதவாது. ஜப்பானின் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (ஜிடிபி) 200 சதவீதத்துக்கு மேல், ஆனாலும் தன் சொந்த நாணயத்தில், பெரும்பாலும் உள்நாட்டிலேயே வாங்கியதால் தாங்குகிறது. அதைவிடக் குறைந்த விகிதத்திலேயே கிரீஸ் 2010இல் கைநீட்ட வேண்டியதாயிற்று, ஏனென்றால் யூரோவை அது தானாக அச்சடிக்க முடியாது. இந்த வித்தியாசம் அமெரிக்கப் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தால் பிடிபடாது. அதற்கு சர்வதேச நாணய நிதியத்தின் தரவுப் பக்கம் வேண்டும், வரப்போகும் ஆண்டுகளின் கணிப்புக்கு அமெரிக்க காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமான சிபிஓ. மூன்றையும் பக்கத்துப் பக்கத்து டேப்களில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்தர அறிக்கை வழக்கமாக அடுத்த மாதத்தின் எட்டாவது வேலைநாளில் வரும், அதற்கு முன் போனால் போன மாதக் கணக்கு கிடைக்காது.