வாசலில் நிறைவு, எடை மேடையில் குறை: எங்கள் உள்ளாட்சியின் குப்பைச் சேவை

எங்கள் உள்ளாட்சி அமைப்பின் குப்பைச் சேவையை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாசலில் வந்து வாங்கிச் செல்லும் வண்டியை மட்டும் பார்த்து எழுதினால் பாதி மதிப்புரைதான் ஆகும் என்பதால், பொதுமக்களை அனுமதித்த ஒரு நாளில் தரம் பிரிக்கும் கூடம், உரக்களம், குப்பை நிரப்பிடம் ஆகிய மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். நம்மிடமிருந்து குப்பையை வாங்கும் வேலை இங்கே மிக நன்றாக நடக்கிறது. வாங்கிய குப்பை என்ன ஆயிற்று என்று நமக்குச் சொல்லும் வேலை நடக்கவே இல்லை.

முதலில் வாசலைப் பற்றிச் சொல்கிறேன். வாரத்தில் எந்த நாள் மக்கும் குப்பை, எந்த நாள் மக்காத குப்பை என்பது தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. வண்டி நேரம் தவறுவது அரிது. தூய்மைப் பணியாளர்கள் வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போவதில்லை, மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். ஒரு முறை நான் உலர்ந்த குப்பையோடு உப்பிப்போன பழைய கைபேசி பேட்டரி ஒன்றைப் போட்டிருந்தேன். அந்த அம்மா கையுறை போட்ட விரல்களால் அதை மட்டும் தனியே எடுத்து என்னிடம் காட்டி, "இதை இதுல போடாதீங்க சார், வண்டி அமுக்கும்போது தீப்பிடிச்சிடும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. லித்தியம் பேட்டரி நசுங்கினால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். குப்பை வண்டிகளிலும் தரம் பிரிக்கும் கூடங்களிலும் உலகெங்கும் தீ விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணமாகிவிட்டது. எத்தனை துண்டறிக்கை படித்திருந்தாலும் என் மனத்தில் பதியாத ஒன்றை அந்த ஒரு வாக்கியம் பதிய வைத்தது. சேவையின் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். அது அந்தப் பணியாளர்களுக்கே உரியது.

தரம் பிரிக்கும் கூடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். நகரும் பட்டையின் இரு பக்கமும் ஆட்கள் நின்று, தங்களுக்கு ஒதுக்கிய பொருளை மட்டும் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போடுகிறார்கள். தண்ணீர்ப் பாட்டில்களும் அலுமினிய டப்பாக்களும் பட்டையில் வந்த வேகத்திலேயே காணாமல் போகின்றன. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதைவிடப் பழையதை உருக்குவதற்கு 95 சதவீதம் வரை குறைந்த ஆற்றலே போதும் என்பதால் அதற்கு எப்போதும் வாங்க ஆள் உண்டு. காகிதத்தின் கதை வேறு. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் இழை குட்டையாகிக்கொண்டே போவதால் ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் அது தாங்காது; எண்ணெய் ஊறிய அட்டையும் நனைந்த தாளும் முதல் முறைக்கே உதவாது. அங்கே நான் பார்த்த ஒரு கட்டுத் தாள், யாரோ ஒழுங்காக மடித்து நூலால் கட்டிக் கொடுத்தது. மேலே ஏதோ ஒரு பாத்திரத்தின் மிச்சம் கொட்டி அடித்தாள் வரை ஊறியிருந்தது. அதைக் கழிவுத் தொட்டியில் போட்டார்கள். கட்டிக் கொடுத்தவருக்கு அது தெரியப்போவதில்லை.

பிளாஸ்டிக்கில்தான் மக்களுக்கும் கூடத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. பொருளின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் எண் இருந்தால் அது மறுசுழற்சிக்கு ஆகும் என்றே நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். 1988-இல் அறிமுகமான அந்த 1 முதல் 7 வரையிலான எண்கள் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கின்றன. அதை வாங்கி உருக்க ஆள் உண்டா என்பதைச் சொல்வதில்லை. 1, 2 எண் கொண்டவை பெரும்பாலும் விலைபோகின்றன. உள்ளே பளபளக்கும் தின்பண்ட உறைகளில் பிளாஸ்டிக்கும் உலோகமும் பிரிக்க முடியாதபடி மெல்லிய அடுக்குகளாக ஒட்டியிருப்பதால் அவை எந்தத் தொட்டிக்கும் போகாமல் பட்டையின் கடைசி வரை சென்று விழுகின்றன. கறுப்புத் தட்டுகளும் அப்படியே: அகச்சிவப்பு ஒளியால் பிளாஸ்டிக் வகையைக் கண்டறியும் கருவிக்கு, கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், அங்கே ஒரு தட்டு இருப்பதே தெரிவதில்லை. இவ்வளவையும் மேற்பார்வையாளர் பொறுமையாக விளக்கினார். ஆனால் எங்கள் வீடுகளுக்கு வரும் துண்டறிக்கையில் இதில் ஒரு வரிகூட இல்லை. "பிளாஸ்டிக்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது.

உரக்களம் குறையில்லாமல் நடக்கிறது. மக்கும் குப்பையை நீண்ட வரப்புகளாகக் குவித்து, நீளமான வெப்பமானியைச் செருகிப் பார்த்து, கிளறிக் கிளறிப் போடுகிறார்கள். கழிவுநீர்க் கசடை இதே வரப்பு முறையில் உரமாக்குவதற்கு அமெரிக்க விதிகள் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 15 நாள் காத்து, அதற்குள் ஐந்து முறை கிளறச் சொல்கின்றன. நோய்க்கிருமிகள் சாக அந்தச் சூடு தேவை. இங்கும் அதே கணக்கைப் பின்பற்றுவதாகக் கரும்பலகையில் எழுதி நாள்தோறும் குறித்து வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சலித்து முடித்த உரத்தை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். மண்வாசனைதான் வந்தது, துர்நாற்றம் இல்லை. விரல் நகம் அளவில் இரண்டு பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. அவை எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவையே தவிர அவர்கள் தவறு அல்ல.

நிரப்பிடத்தில் புதிய பகுதி, பழைய பகுதி என இரண்டு உண்டு. புதியதில் களிமண் படுகையின் மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு இட்டு, அடியில் சேரும் சாற்றைக் குழாய்களால் இழுத்துக் குளத்தில் சேர்க்கிறார்கள். அன்றன்றைய குப்பையை அன்று மாலையே மண்ணால் மூடுகிறார்கள். பழைய பகுதியோ வெறும் மேடு. விரிப்பு இல்லை, சரிவு செங்குத்தாக இருக்கிறது, அடிவாரத்தில் கறுத்த நீர் நுரைத்து நிற்கிறது. இதைக் கண்டு நான் உண்மையாகவே கவலைப்பட்டேன். பிலிப்பைன்ஸின் பயாதாஸில் 2000-ஆம் ஆண்டு ஜூலையில் மழைக்குப் பின் குப்பை மேடு சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017-இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலும், அடுத்த மாதமே இலங்கையின் மீதொட்டமுல்லையிலும் அதே போல் மேடுகள் சரிந்து வீடுகளைப் புதைத்தன. பழைய மேட்டின் சரிவைச் சாய்த்து, நீரை வடித்து, மேலே மூடி போடும் வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது. குப்பை அழுகும்போது எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. புதிய பகுதியில் அதைக் குழாய் வைத்து எரிக்கிறார்கள். பழைய மேட்டில் அப்படியே காற்றில் கலக்கிறது.

இனி எடை மேடை. நுழைவாயிலில் ஒவ்வொரு வண்டியும் ஏறி நின்று எடை போட்ட பிறகே உள்ளே போகிறது. வெளியே போகும் பொதிகளும், உரமும், நிரப்பிடத்துக்குப் போகும் கழிவும் அதே மேடையில்தான் ஏறுகின்றன. எண் திரையில் தெரிகிறது, சீட்டு அச்சாகிறது, ஏட்டில் பதிவாகிறது. அப்படியானால் எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு புதைந்தது என்ற மூன்றும் அவர்களிடம் இருக்கின்றன. இந்த மூன்று எண்களையும் கேட்டு இரண்டு முறை கடிதம் எழுதினேன். இரண்டு முறையும் "சேகரித்த மறுசுழற்சிப் பொருள்" எத்தனை டன் என்ற ஒரே எண்தான் பதிலாக வந்தது. சேகரித்தது வேறு, மறுசுழற்சி ஆனது வேறு. 2018-இல் சீனா கலப்புப் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபோது, வளர்ந்த நாடுகளின் எத்தனையோ நகரங்கள் "மறுசுழற்சி" என்று கணக்குக் காட்டியது பெரும்பாலும் கப்பலேற்றிய எடையே என்பது வெளியே வந்தது. பட்டையின் கடைசியில் விழுந்த உறைகளும் அந்த நனைந்த தாள் கட்டும் எங்கள் கணக்கில் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கின்றன என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இது எட்டாத எதிர்பார்ப்பு அல்ல. 2003-இல் குப்பையில்லா ஊராக மாற உறுதி பூண்ட ஜப்பானின் கமிகாட்சு என்ற சிற்றூரில் மக்கள் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு தொட்டியின் மேலும் அந்தப் பொருள் எங்கே போகிறது, அதனால் ஊருக்குச் செலவா வரவா என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எங்களை அத்தனை வகை பிரிக்கச் சொல்லவில்லை. இரண்டு வகை பிரிக்கச் சொல்கிறார்கள், பிரித்துக் கொடுக்கிறோம். அந்த இரண்டும் போய்ச் சேர்ந்த இடத்தை எழுதி வைக்க ஒரு பலகை போதும்.

வாசலுக்கு ஐந்துக்கு ஐந்து, உரக்களத்துக்கு நான்கு, தரம் பிரிக்கும் கூடத்துக்கு நான்கு, நிரப்பிடத்தின் புதிய பகுதிக்கு நான்கு, பழைய மேட்டுக்கு ஒன்று. கணக்குக் காட்டுவதற்கு மதிப்பெண் எதுவும் தர இயலவில்லை. மூன்றாவது கடிதத்தை, எடை மேடைச் சீட்டின் மாதிரி ஒன்றை இணைத்து, சென்ற வாரம் அனுப்பியிருக்கிறேன். அந்த மூன்று எண்களும் வந்தால் இந்த மதிப்புரையைத் திருத்தி எழுதுவேன்.