ஸ்டாண்டர்ட் ஹெரால்டுடன் எட்டு வருடம்

என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் 1970 மாடல், மார்க் 3, நாலு கதவு. வாங்கின புதிதில் எழுதியிருந்தால் ஒரே புகழ்மாலையாக இருந்திருக்கும், அதனால் தள்ளிப்போட்டேன். இப்போது அதைத் திட்டும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு, மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்தது. அதையே 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்தது, வண்டலூரில் தொழிற்சாலை. 948 சிசி எஞ்சின். இந்த நாலு கதவு உடம்பு இங்கிலாந்திலேயே கிடையாது, நம் ஊருக்கென்று செய்தது. அம்பாசடரும் ஃபியட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஹெரால்டு எங்கள் ஊர் வண்டி என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நான் வாங்கும்போது ஒரு ஷெட்டில் பதினோரு வருடம் நின்றிருந்தது, பின்சீட்டில் எலி குடித்தனம். அதை எடுக்கலாம் என்று துணிந்ததற்கு ஒரே காரணம், இந்த வண்டி போல்ட்டில் நிற்பது. ஹெரால்டை வடிவமைத்த காலத்தில், வழக்கமாக பாடி செய்து தந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதாம். அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் முடுக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்குத் தலைவலி, அறுபது வருடம் கழித்து எனக்கு வரம். துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி வேலை பார்க்கலாம். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். பழைய வண்டி மேல் ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, பானெட்டைத் திறந்து காட்டுவேன்.

வேலை பதினான்கு மாதம் இழுத்தது. அதில் பெரிய தப்பு பெயிண்டில்தான். முதலில் கொடுத்த இடத்தில் தகரம் வெட்டி ஒட்ட வேண்டிய ஓட்டையெல்லாம் பட்டி போட்டு மூடி, மேலே பளபளவென்று அடித்துக் கொடுத்தார்கள். நானும் பெருமையாக போட்டோ எடுத்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் கதவடியில் அப்பளம் மாதிரி பொங்கியது. இனி யாராவது வண்டி வாங்கப் போனால் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள், ஒட்டாத இடத்தில் எல்லாம் பட்டிதான்.

அடுத்தது டிரனியன். முன்சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் இருக்கும் பித்தளைத் துண்டு. ஒருநாள் நான் கிரீஸ் கன்னோடு கீழே படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஹெரால்டிலேயே வயசான ஒரு மெக்கானிக் பெரியவர் அலறினார்: "தம்பி, அதுக்கு கிரீஸ் வைக்காதீங்க, கியர் ஆயில்தான் குடிக்கும்!" உண்மைதான், 90 கியர் ஆயில் போக வேண்டிய இடம் அது. காய்ந்தால் அச்சு முறிந்து சக்கரம் படுத்துவிடும், அதுவும் திரும்பும்போது. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்பு என்பதால் புதுசு இன்னும் இங்கிலாந்தில் கிடைக்கிறது. மற்ற சில்லறைச் சாமான்களுக்குச் சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும், கூடவே நிறைய பொறுமையும்.

பெட்ரோல் ஒரு தனிக் கதை. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது பழைய எஞ்சின்களின் வால்வு சீட்டுக்கு, அதாவது வால்வு வந்து உட்காரும் இடத்துக்கு, இருந்த பாதுகாப்பு போய்விட்டது, அதனால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கியபோதே கெட்டியான சீட் போட்டுக்கொண்டேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் ஓஸ் நசநசவென்று ஊறிப்போய் ஒருநாள் கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை. எத்தனால் தாங்கும் ஓஸாக எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஓட்டுவது எப்படி? 25 அடிக்குள் முழுசாகத் திரும்பிவிடும், இன்றைய சின்னக் கார்களே அதைவிட அதிக இடம் கேட்கும். கியர் ஃபியட் மாதிரி ஸ்டீயரிங்கில் இல்லை, தரையில் குட்டையான கம்பி, போடவே ஆசையாக இருக்கும். ஆனால் பின் ஆக்ஸிலை நம்பாதீர்கள். வளைவில் வேகமாகப் போய்ப் பாதியில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி படுத்துக்கொள்ளும், ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் குறைந்தது இரண்டு பேராவது வந்து தங்கள் சித்தப்பா வைத்திருந்த ஹெரால்டு பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிய 2021-இல் விதி வந்தது. நான் போகவில்லை. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் என்று சிலவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம், நானோ ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கவும் இதில்தான் போகிறேன். நிறுத்தி வைத்தால் பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், பேட்டரி இறங்கும், எலி திரும்பி வரும்.

லாபத்துக்காக வாங்க நினைத்தால் வேண்டாம். செலவுக்கென்று ஒரு நோட்டு போட்டேன், மூன்றாம் வருடம் மூடி வைத்துவிட்டேன்.

இப்போதைக்கு ஐப்பசிக்குள் வைப்பர் மோட்டாரைக் கழற்றியாக வேண்டும். போன மழையில் கிண்டி பாலத்தின் மேல் பாதியில் நின்றுவிட்டது. நான் ஓட்ட, என் மனைவி ஜன்னல் வழியே கையை நீட்டி துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.