கோத்தகிரி சரிவில் எட்டு மாடி பிளாட்: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கோத்தகிரி–குன்னூர் சாலைப் பக்கம் 'வியூ டவர்' என்று எட்டு மாடி அபார்ட்மென்டுக்கு யாராவது புக்கிங் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் கட்டடத்துக்கு உயர வரம்பு 7 மீட்டர். தரைத்தளம், மேலே ஒரு மாடி, அவ்வளவுதான் வரும். நானும் மச்சானும் சேர்ந்து கட்டிய 14 லட்சம் இன்னும் திரும்பவில்லை. வசூல் நடவடிக்கை நடப்பதால் பில்டர் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

2020 லாக்டவுன் சமயம். திருப்பூரில் எங்களுக்கு ஆர்டர் நின்றுபோயிருந்தது. கையில் இருந்ததை எதிலாவது போட்டுவைக்கலாம் என்று விசாரித்தபோதுதான் இந்த பிளாட்டை விற்க ஒரு ஆள் வந்தார். கோவைக்காரர், பேச்சில் கெட்டிக்காரர்.

"மந்தத்துலதாங்ணா கட்டணும். நிலம் சல்லிசாக் கிடைக்கும், கூலி குறையும். நியூயார்க்ல எம்பயர் ஸ்டேட் பில்டிங் எப்பக் கட்டுனாங்க? 1930, ஊரே திவாலான நேரமுங்ணா. ஒரே வருசத்துல 102 மாடி!"

ஏழு மீட்டர் விதியைக் கேட்டதற்கும் பதில் வைத்திருந்தார். ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடிதான் தெரியுமாம். மீதி ஆறும் சரிவில் கீழே இறங்குமாம். "அதெல்லாம் உயரக் கணக்குல வராதுங்ணா."

அந்த நியூயார்க் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் பிளாட் விற்றதே அந்தக் கதைதான். அவர் சொன்ன தேதிகள் சரி. 1930 மார்ச் 17-ல் வேலை தொடங்கி 1931 மே 1-ல் திறந்தார்கள். கட்டடத்தின் இரும்புச் சட்டகம் வாரத்துக்கு நாலரை மாடி வீதம் ஏறியது. பொருளாதார மந்தத்தால் செலவும் குறைந்தது. 5 கோடி டாலர் ஆகும் என்று போட்ட திட்டம் சுமார் 4.1 கோடியில் முடிந்தது.

அவர் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். எம்பயர் ஸ்டேட்டைக் கட்டியவர்கள் மந்தத்தைப் பார்த்துத் துணிந்து இறங்கியவர்கள் இல்லை. அந்த இடத்தில் இருந்த பழைய வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலை இடிக்கத் தொடங்கியதே 1929 அக்டோபர் முதல் தேதி. பங்குச் சந்தை சரிந்தது அதே மாதக் கடைசியில். ஜெனரல் மோட்டார்ஸில் நிதி பார்த்த ஜான் ராஸ்காப் போன்ற பெரும் பணக்காரர்களின் முதலும், மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கடனும் அதில் இருந்தன. அதனால்தான் வேலை நிற்கவில்லை.

கட்டி முடித்த பிறகு என்ன ஆனது? திறந்தபோது கால்வாசி இடம்தான் வாடகைக்குப் போயிருந்தது. முதல் வருடம் உச்சியில் ஏறி ஊரைப் பார்க்க வந்தவர்களின் டிக்கெட்டில் சுமார் 20 லட்சம் டாலர் வந்தது. வாடகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கட்டடம் லாபத்துக்கு வர 1950 வாக்கில் ஆகிவிட்டது. இருபது வருட நட்டத்தைத் தாங்க முதலாளிகளிடம் பணம் இருந்தது. எங்கள் பில்டரிடம் இருந்தது எங்கள் முன்பணம் மட்டும்.

அந்த முன்பணம் எங்கே போனது என்பது பின்னால்தான் தெரிந்தது. சரவணம்பட்டியில் பாதியில் நின்ற பழைய புராஜெக்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த மேஸ்திரியே சொன்னார். இதற்கு நடுவில் 'வீடு கையில் வரும் வரை மாத வாடகை' என்று சில மாதம் போட்டார்கள். எங்கள் பணத்திலேயே எங்களுக்கு வாடகை!

சைட்டில் நடந்தது கொஞ்சம்தான். தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஜேசிபி வைத்துச் சரிவைக் குடைந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "2009 நவம்பர் மழையில இந்தப் பக்கமெல்லாம் மண்ணு இறங்குச்சுங்க. இதுல எட்டு மாடியா?" என்று கேட்டார். அந்த நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். விற்க வந்தவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. கடைசியில் அதிகாரிகள் வந்து அளந்து சீல் வைத்தார்கள்.

இப்போது காகித விஷயம். விளம்பரத்தாளில் ரெரா (வீடு, மனை விற்பனையைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) பதிவு எண் இருந்தது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அது அவர்களுடைய வேறொரு புராஜெக்டின் எண். எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அதைத் தட்டிப் பார்த்து ஊரும் சர்வே எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ இருந்தால் பதிவு செய்யாமல் விற்கவே கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பத்திரப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் 2016-ம் வருட ரெரா சட்டத்தில் இடமில்லை. எங்களிடம் வாங்கியது 30 சதவீதம்; கொடுத்தது முத்திரைத்தாளில் ஒரு புக்கிங் ஃபார்ம். வாங்கும் பணத்தில் 70 சதவீதம் அந்த புராஜெக்டுக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு எண்ணைக் கேளுங்கள், ஆள் எப்படி நெளிகிறார் என்று பார்க்கலாம்.

ரெராவில் புகார் கொடுத்தோம். வட்டியோடு திருப்பித் தர உத்தரவும் வந்தது. பில்டர் தரவில்லை என்றால் நில வரி பாக்கி போல வசூலிக்கலாம், அதற்கான சான்றிதழ் கலெக்டர் ஆபீஸ் போயிருக்கிறது. அங்கே ஃபைல் நகரும் வேகத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம். இதே புராஜெக்டில் பணம் போட்டவர்கள் வங்கி ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்த ஒருவர் எங்களோடு புகாரில் சேர முடியாமல் தவிக்கிறார்.

போன வாரம் மச்சான் ஒரு புது விளம்பரத்தாள் அனுப்பினார். கொடைக்கானல் பெருமாள்மலைப் பக்கமாம். கம்பெனி பெயர் வேறு, டவர் படம் அதேதான். கீழே இருக்கும் செல்போன் எண்ணும் அதே ஆளுடையது.