கம்ப்யூட்டர்ல கெடக்குற பாட்ட ஹைஃபை செட்டுக்கு கொண்டுபோக எது தோது: மலையக வீட்டுக்கு ஒரு அலசல்

நம்ம பக்கம் பாட்டு சேத்து வச்சிருக்கிறவங்க கொறைச்சல் இல்ல. சீடில இருந்து ரிப் பண்ணினது, பூஞ்சணம் பிடிக்கிறதுக்கு முன்னாடி கேசட்டுல இருந்து மாத்தினது, கூட்டாளிமாருகிட்ட ஹார்ட் டிஸ்க்குல வாங்கினதுன்னு எல்லாம் ஒரு கம்ப்யூட்டர்ல கெடக்கும். ஹோல்ல ஒரு நல்ல அம்பும் (அம்ப்ளிஃபயர்) ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியும் இருக்கும், ஆனா அத இதோட சேக்கிற எடத்துலதான் ஆளுக்கொரு கதை. யூடியூப்ல ரிவியூ போடுறவங்க சொல்ற வரிசைய அப்படியே எடுத்தா இங்க சரிவராது, ஏன்னா அவங்க வீட்டுல எர்த் ஒழுங்கா இருக்கு, சுவரு பலகை, கரண்ட் போறதே செய்தி. நமக்கு அப்படியா?

மொதல்லயே சொல்லிடுறேன். கம்ப்யூட்டரும் அம்பும் ஒரே ரூம்ல இருந்தா யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்ட சத்தமா மாத்துற சின்ன பெட்டி) வாங்குங்க, வேற ஒண்ணும் யோசிக்க வேணாம். வேற வேற ரூம்னா ராஸ்பெர்ரி பைங்கிற கையளவு கம்ப்யூட்டர், இல்லாட்டி நெட்வொர்க் வழியா பாட்ட எடுத்து அம்புக்கு குடுக்கிற ரெடிமேட் ஸ்ட்ரீமர். ப்ளூடூத் வீட்டுக்கு வர்ற மச்சான்மாருக்கு.

சத்தத்தோட தரம்தான் முக்கியம்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. சீடி பாட்டுன்னா 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், செக்கனுக்கு 1411 கிலோபிட். ஃபிளாக்னு ஒரு ஃபைல் வகைல போட்டா ஒண்ணும் கொறையாம சைஸ் மட்டும் பாதிக்கு கிட்ட வந்துரும். இந்த 1411 முழுசா, உடையாம அந்தப்பக்கம் போய் சேந்துட்டா, நல்ல டாக் ஒண்ணுக்கும் இன்னொரு நல்ல டாக்குக்கும் காதால பிரிச்சு சொல்றது ரொம்ப கஷ்டம். 16 பிட்டுக்கு 96 டெசிபல் அளவுக்கு சத்த வித்தியாசம் தாங்கும்னு சொல்வாங்க, தகரத்துல மழை அடிக்கிற நேரம் அதுல பாதி கூட நமக்கு மிஞ்சாது. அதனால எந்த சிப் உள்ள இருக்குன்னு சண்டை போடுறத விட, எந்த வழில போனா நடுவுல கெடாம போகும், இரைச்சல் சேராம போகும்னு பாக்குறதுதான் நம்ம ஊருக்கு வேலை.

சும்மா கம்ப்யூட்டரோட ஹெட்போன் ஓட்டையில ஒரு வயர சொருகி அம்புக்கு பின்னால குடுக்கிறதுதான் எல்லாரும் மொதல்ல செய்றது. செலவே இல்ல. ஆனா பாட்டு நின்ன நேரத்துல காத வச்சு கேளுங்க, ஒரு "ம்ம்ம்ம்" ஓடிட்டே இருக்கும், மவுஸ அசைச்சா கீச்சுன்னு ஒண்ணு சேந்து வரும். அந்த ம்ம்ம் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான். லயத்து காம்பரால எர்த்தே இல்லாம வயரிங் பண்ணின எடம் எத்தனையோ இருக்கு, பழைய குவாட்டர்ஸ்லயும் அப்படித்தான், கம்ப்யூட்டர் ஒரு பக்கம், டிவியோட டிஷ் வயர் ஒரு பக்கம்னு எல்லாம் அம்புல வந்து சந்திச்சா அது சத்தமா வெளிய வரும். லேப்டாப்னா சோதிக்கிறது லேசு: பாட்ட நிறுத்திட்டு அம்புல வொலியூம கூட்டி வைங்க, சார்ஜர கழட்டுங்க, பேட்டரில ஓடும்போது ம்ம்ம் நின்னுட்டா குத்தம் அம்புல இல்ல, சார்ஜர் வழியா வர்ற கசிவுதான். ஜப்பான் ரீகண்டிஷன் அம்ப் வச்சிருக்கிறவங்க கூடுதலா ஒண்ணு பாக்கணும், அதெல்லாம் 100 வோல்ட் செட், நம்ம 230ஐ கொறைக்க ஒரு டிரான்ஸ்ஃபோமர் போட்டிருப்பீங்க, அந்த டிரான்ஸ்ஃபோமரே அதிர்ற சத்தம் வேற, ஸ்பீக்கர் வழியா வர்ற சத்தம் வேற. ரெண்டையும் கொழப்பிக்கிட்டு வயர மாத்தி மாத்தி காசு கொட்டினவங்கள பாத்திருக்கேன்.

யுஎஸ்பி டாக் இதுல பாதிய தீர்க்கும். டிஜிட்டல பாட்டு சத்தமா மாத்துற வேலைய கம்ப்யூட்டருக்கு வெளிய கொண்டுபோயிடுறதால உள்ள இருக்கிற கீச்சு சேராது. டொப்பிங், எஸ்எம்எஸ்எல், ஃபியோன்னு சீனாக்காரங்க சின்ன பெட்டியா விக்கிறாங்க, எதுன்னாலும் நம்ம ஸ்பீக்கரோட தரத்துக்கு மேல. அவ்வளவு ஏன், ஆப்பிள்காரங்க 9 டாலருக்கு விக்கிற அந்த சின்ன யுஎஸ்பி-சி வாலு கூட அளந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு. விண்டோஸ் 10ல 2017க்கு அப்புறம் வந்ததுல டிரைவர் கூட பெரும்பாலும் தேவையில்ல. ஆனா ம்ம்ம் மட்டும் யுஎஸ்பிலயும் வரலாம், ஏன்னா யுஎஸ்பி வயர்லயும் செம்பு ஓடுது, கசிவுக்கு அது போதும். அப்படி வந்தா ஆப்டிகல் உள்ள டாக் எடுங்க, கம்ப்யூட்டர்ல ஆப்டிகல் ஓட்டை இருந்தா அதுல குடுங்க. வெளிச்சத்துல போறது, கரண்ட் தொடர்பே கெடையாது, இரைச்சல் வந்து சேர வழியே இல்ல.

இன்னும் ரெண்டு விசயம் இதுல. யுஎஸ்பி வயர் 5 மீட்டருக்கு மேல இழுக்காதீங்க, கணக்கு அவ்வளவுதான், அதுக்கு மேல பாட்டு வெட்டும். அப்புறம் விண்டோஸ் எல்லா சத்தத்தையும் ஒரே சட்டில போட்டு கலக்கி, செட்டிங்ல என்ன ரேட் இருக்கோ அதுக்கு மாத்தித்தான் அனுப்பும். வீணை ஆலாபனை மெல்ல ஏறிட்டு வர்ற நேரம் வாட்ஸ்அப் மெசேஜ் வந்து ஹைஃபை பெட்டில "டிங்"னு அடிச்சா நெஞ்சே நின்னுரும். ஃபூபார்2000 மாதிரி ஒரு பிளேயர்ல வாசபி எக்ஸ்குளூசிவ்னு ஒண்ணு இருக்கு, அத தெரிவு செஞ்சா பாட்டு நேரா டாக்குக்கு போகும், மத்த சத்தம் எல்லாம் வாய மூடிக்கும்.

ப்ளூடூத்த பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. பாட்ட சுருக்கி அனுப்புற முறைல சாதாரணமா ஓடுற எஸ்பிசி அதிகபட்சம் 328 கிலோபிட், சோனிக்காரங்களோட எல்டாக் 990 வரைக்கும் போகும், ஆனா விண்டோஸ்ல எல்டாக் சும்மா வராது. 1411 எங்க, 328 எங்க. வேலை செஞ்சிட்டே கேக்க அது போதும், கண்ண மூடி உக்காந்து கேக்க இல்ல. கருங்கல்லு சுவரு ஒண்ணு நடுவுல இருந்தா அதுவும் விட்டு விட்டு வரும்.

குரோம்காஸ்ட் ஓடியோன்னு ஒரு வட்டு 2015ல வந்துச்சு, 35 டாலர்தான், 24 பிட் 96 வரைக்கும் போகும், அதே ஓட்டைல ஆப்டிகலும் எடுக்கலாம், சாமான் உண்மையா நல்ல சாமான். 2019 தொடக்கத்துலயே கூகுள் நிறுத்திட்டாங்க. பழசு இன்னும் கை மாறி விக்கிறாங்க, மலிவா கெடச்சா சரிதான்னு தோணும், ஆனா 2025 மார்ச்ல உள்ள இருந்த செர்டிபிகேட் காலாவதியாகி உலகம் பூரா அந்த வட்டு எல்லாம் ஒரே நாள்ல வேலை செய்யாம போச்சு, பொறகு அப்டேட் குடுத்து சரி பண்ணினாங்க. நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல உள்ள பாட்ட நம்ம வீட்டு அம்புல கேக்க இன்னொருத்தன் ஒப்புதல் வேணும்ங்கிற ஏற்பாடு எனக்கு பிடிக்கிறதே இல்ல, அதுவும் மழை பேஞ்சா இன்டர்நெட் படுத்துக்கிற ஊர்ல. ஏர்பிளே அந்த வகையில பரவால்ல, வீட்டுக்குள்ளேயே ஓடும், சீடி தரம் கொறையாம போகும், ஆனா மேக், ஐபோன் வச்சிருக்கிற வீட்டுக்குத்தான் அது லேசு.

ரெடிமேட் ஸ்ட்ரீமர்ல இப்ப எல்லாரும் சொல்றது வீம். மினி, புரோன்னு இருக்கு, 24 பிட் 192 வரைக்கும் எடுக்கும், ஆப்டிகல் வெளிய வரும், புரோல நெட்வொர்க் வயரும் சொருகலாம். கம்ப்யூட்டர்ல டிஎல்என்ஏ சர்வர் (பாட்ட வீட்டு நெட்வொர்க்ல பகிர்ற சொப்ட்வேர்) ஒண்ண போட்டு விட்டா போன்ல லைப்ரரி தெரியும், தொட்டா பாடும். குழப்பம் வேணாம், அப்பா அம்மாவும் பாவிக்கணும்னா இதான். கொறை என்னன்னா டிஎல்என்ஏங்கிறது 2003ல ஆரம்பிச்ச பழைய கூட்டணி, அந்த அமைப்பே 2017ல கலைஞ்சிருச்சு, ஒவ்வொரு சாமானும் தன் இஷ்டத்துக்கு நடக்கும். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சில செட்டுல இடைவெளி விழும். சினிமா பாட்டுக்கு அது ஒண்ணும் இல்ல. நாதஸ்வர கச்சேரி ரெக்கார்டிங்ல ஆலாபனை ஒரு ட்ராக், கீர்த்தனை அடுத்த ட்ராக்னு வெட்டி வச்சிருப்பாங்க, சுருதி ஓடிட்டு இருக்கும்போதே அரை செக்கன் செத்துப்போய் திரும்ப வரும் பாருங்க, கேக்கவே எரிச்சலா இருக்கும்.

அதனாலதான் நான் ராஸ்பெர்ரி பை பக்கம் சாயுறேன். கைல கொஞ்சம் வேலை இருக்கு, ஒரு ஞாயித்துக்கெழமை பின்னேரம் போகும். ஸீரோ 2 டபிள்யூ 2021ல 15 டாலர்னு வந்துச்சு, கொழும்பு யூனிட்டி பிளாசா கம்ப்யூட்டர் கடைங்களுக்கு வந்து சேரும்போது அந்த விலை இருக்காது, இருந்தாலும் ஸ்ட்ரீமர விட கம்மிதான். பையோட சொந்த 3.5 ஓட்டைய நம்பாதீங்க, பை 4 வரைக்கும் பெரிய பைல இருக்கிறது சுமார்தான், பை 5லயும் ஸீரோலயும் அது இல்லவே இல்ல. ஹைஃபைபெரி மாதிரி மேல உக்கார்ற டாக் போர்டு ஒண்ணு வாங்குங்க, இல்ல ஏற்கனவே இருக்கிற யுஎஸ்பி டாக்க இதுல சொருகுங்க. உள்ள போடுற சொப்ட்வேர் லிரியன் மியூசிக் சர்வர், முந்தி ஸ்குவீஸ்பொக்ஸ்ங்கிற நெட்வொர்க் பிளேயர செஞ்ச கம்பனிக்காரங்க செஞ்சது. கதை சுவாரஸ்யம்: அந்த கம்பனிய லொஜிடெக் 2006ல வாங்கி, 2012ல பிளேயர நிறுத்தி, 2024ல இன்டர்நெட் சர்வரையும் மூடிட்டாங்க. வீட்டு கம்ப்யூட்டர்ல ஓடுற சர்வருக்கு ஒண்ணும் ஆகல, ஆர்வமுள்ள ஆளுங்க சம்பளம் வாங்காம, வேற பேர வச்சு அத இன்னும் ஓட்டிட்டு இருக்காங்க. மேல சொன்ன வட்டு கதையோட வச்சு பாருங்க. பாட்டுக்கு நடுவுல இடைவெளி விழாது, பழைய பாட்டு மெல்லமா, புது பாட்டு காத கிழிக்குற மாதிரி வர்றதையும் ரீப்ளேகெயின் போட்டு சமன் பண்ணலாம், ப்ரவுசர்ல 9000ம் நம்பர் போர்ட்ட திறந்தா எல்லாம் முன்னால நிக்கும்.

நம்ம ஊருக்கு இது பொருந்துறது வேற ஒரு காரணத்துக்கு. 2022ல மார்ச் கடைசில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது யாருக்கும் மறக்காது, இப்ப அப்படி இல்லன்னாலும் மரம் விழுந்தா, மண் சரிஞ்சா நம்ம லைன்தான் மொத போகும். சாதாரண பைல எஸ்டி கார்டுல எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா கார்டு கெட்டு, திரும்ப எழும்பாது, வொலுமியோ மாதிரி பெரிய சொப்ட்வேர் போட்டவங்களுக்கு இந்த பயம் இருக்கு. பைகோர்பிளேயர்னு ஒண்ணு இருக்கு, அது பூட் ஆகும்போதே தன்ன முழுசா ராம்ல ஏத்திக்கிட்டு கார்ட சும்மா விட்டுரும், பிளக்க புடுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. ரவுட்டருக்கு வாங்குற சின்ன யுபிஎஸ்ல 5 வோல்ட் ஓட்டை இருந்தா பையையும் அதுலயே ஓட்டலாம். பாட்டு ஹார்ட் டிஸ்க்க பைல நேரா சொருகி, சர்வரையும் பைலயே போட்டா கம்ப்யூட்டர் ஓட வேண்டிய தேவையே இல்ல, ஆனா அதுக்கு ஸீரோவ விட பை 4 நல்லது. பில்லையும் பாருங்க: 50 வோட் தின்னுற கம்ப்யூட்டர பாட்டுக்காக நாள் பூரா போட்டு வச்சா மாசம் 36 யூனிட், 3 வோட் பைக்கு ரெண்டு யூனிட்டுதான். 60 யூனிட்டுக்குள்ள நிக்க பாடுபடுற வீட்டுல, அதுவும் 2022 ஆகஸ்ட்லயும் 2023 பெப்ரவரிலயும் பில் ஏறினத பாத்த பொறகு, இது சின்ன விசயம் இல்ல.

வைஃபையா வயரான்னு கேட்டா, வேகம் பிரச்சினையே இல்ல, 24 பிட் 192 பாட்டுக்கே செக்கனுக்கு 9 மெகாபிட் சொச்சம்தான். பிரச்சினை அறுந்து அறுந்து வர்றது. வெள்ளக்காரன் காலத்து பங்களா சுவருல 5 கிகாஹெர்ட்ஸ் ஏறவே ஏறாது, 2.4ல வச்சு ரவுட்டர இஸ்தோப்பு பக்கம் நகத்தி பாருங்க, அதுக்கும் மசியலன்னா நெட்வொர்க் வயர் இழுத்துருங்க. வீட்டுக்குள்ள மட்டும். பக்கத்து வீட்டுக்கு, கீழ் லயத்துக்குன்னு வெளிய செம்பு வயர் இழுக்காதீங்க, இடி வந்து வாசல்ல உக்காந்துக்கும்.

தமிழ் பேரு பத்தியும் சொல்லணும். பழைய எம்பி3 டேக்ல (ஃபைலுக்குள்ள இருக்கிற பாட்டு பேரு விபரம்) பாமினிங்கிற பழைய ஃபொன்ட் எழுத்துல அடிச்சது இருந்தா எந்த செட்டுலயும் குப்பையாத்தான் தெரியும், எம்பி3டேக் மாதிரி ஒண்ண வச்சு யூனிகோடுக்கு மாத்தணும். மாத்தின பொறகும் பைல ஒட்டுற சின்ன ஸ்கிரீன்ல கொம்பு எழுத்துக்கு முன்னால வராம பின்னால போய் நிக்கும், போன்லயும் ப்ரவுசர்லயும் சரியா வரும், அதனால ஸ்கிரீனுக்கு காசு போடாதீங்க. எஸ்பிபிய அஞ்சு விதமா எழுதி வச்சிருந்தா லைப்ரரில அஞ்சு எஸ்பிபி நிப்பாரு, எந்த பெட்டி வாங்கினாலும் இந்த வேலை நம்ம தலைலதான்.

மார்ச் ஏப்ரல்லயும் ஐப்பசி கார்த்திகைலயும் பின்னேரம் இடி முழங்க ஆரம்பிச்சா அம்ப் பிளக்க கழட்டுங்க, ரவுட்டர் பிளக்க கழட்டுங்க, டெலிபோன் செம்பு லைன்ல இன்டர்நெட் வர்ற வீடுன்னா அந்த லைன மொதல்ல கழட்டுங்க, டிஷ் வயரையும் விடாதீங்க. ஆப்டிகல் வயர் மட்டும் கெடக்கட்டும், அது கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், அதுல ஒண்ணும் வராது.