ராமேஸ்வரத்தில் தங்க: டார்மிட்டரியா, லாட்ஜ் அறையா?

செலவு: டார்மிட்டரியில் (பலர் சேர்ந்து படுக்கும் கூடம்) தலைக்குக் காசு, லாட்ஜில் அறைக்கு. மூன்று பேர் என்றால் பெரும்பாலும் லாட்ஜே கட்டுப்படியாகும். ஆடி, தை அமாவாசைக்கு இரண்டுமே எகிறும்.

ஈரத்துணி: பாடாய்ப் படுத்துவது இதுதான். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் குளியல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் குளியல்; ஈர உடையோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள். கடல் உப்பு ஈரத்தை இழுப்பதால் வேட்டி ராத்திரி முழுக்கப் பிசுபிசுக்கும். நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். லாட்ஜில் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டலாம். டார்மிட்டரியில் கட்டில் கம்பிதான், கீழ்ப்படுக்கைக்காரர் முறைப்பார்.

சாமான்: லாக்கருக்குச் சொந்தப் பூட்டு கொண்டுபோங்கள்.

தூக்கம்: விடியற்காலை 5 மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்காக டார்மிட்டரியில் 4 மணிக்கே அலாரங்கள் அலறும். லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கா, காலையிலேயே காலி செய்யணுமா என்று முன்பே கேளுங்கள்.

தனி ஆள், ஒரு ராத்திரி: டார்மிட்டரி. பெரியவர்களோடு தீர்த்தமாட: கிழக்குக் கோபுரத்துக்கு நடக்கும் தூரத்தில் லாட்ஜ், தரைத்தளம்.