இருபது வருடத்துக்கு மேலாக என்னிடம் இருக்கும் பழைய எயார் ரைபிள்: இன்னும் வைத்திருக்கலாமா?

நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் எங்கள் லயத்துக்குக் (தோட்டத்து வரிசை வீடு) கீழே குடியிருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். பிளேன்டீயைக் கையில் வாங்கியதுமே கேட்டுவிட்டான். “அண்ணே, அந்த எயார் ரைபிளைக் குடுக்கிற எண்ணம் இருந்தா எனக்குச் சொல்லுங்க. பன்றி வந்து கிழங்குப் பாத்தி முழுக்கக் கிளறிட்டுப் போயிருச்சு.” அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பழைய, பலமான எயார் ரைபிள், அதாவது காற்றின் அமுக்கத்தால் சுடும் துவக்கு ஒன்று யாரிடமாவது மலிவாகக் கிடைக்கும்போது வாங்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது ஜேர்மனியில் செய்த வைராக் எச்டபிள்யூ 80. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த மாடல். அமெரிக்காவில் பீமன் ஆர்1 என்று விற்றதும் ஏறக்குறைய இதுவேதான். துவக்கை நடுவில் மடித்து ஸ்பிரிங்கை ஏற்றும் ரகம். விசையை இழுத்தால் ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளும், அது அமுக்கும் காற்று பெலட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, வெளியே தள்ளும். பெலட் 5.5 மில்லிமீற்றர். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் 2003இல் வாங்கினேன். அனுமதி வேலைகளை எல்லாம் முடித்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் நாள் தோளில் வைத்தபோதே பாரம் தெரிந்தது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமலே நாலு கிலோ கிட்ட வரும். குழலை மடிக்க இருபது கிலோ மூட்டையை இழுப்பது மாதிரி பலம் வேண்டும். பத்து முறை மடித்தால் புஜம் சொல்லும்.

சரி, பலம் எவ்வளவு? ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான பெலட் வினாடிக்கு 230 மீற்றர் அளவில் வெளியே போகும். கணக்குப் பார்த்தால் 25 ஜூல் (சக்தியின் அளவு) பக்கம். ஜேர்மனியில் பத்திரம் இல்லாமல் விற்கும் எயார் ரைபிளுக்கு எல்லை 7.5 ஜூல். அப்படிப்பட்டவற்றில் ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து அடித்திருக்கும். என்னுடையதில் அந்தக் குறி கிடையாது. இங்கிலாந்தில் எல்லை 16 ஜூல் சொச்சம். ஆக, எயார் ரைபிள் கூட்டத்தில் இது பலசாலிதான். ஆனால் வெடிமருந்தில் சுடும் சாதாரண .22 தோட்டாத் துவக்கு இதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் சக்தி கொண்டது. பன்றிக்கு அந்தத் தோட்டாவே போதாது என்பார்கள் வேட்டை தெரிந்தவர்கள்.

அதனால் தம்பிக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: பன்றிக்கு இது ஆகாது. கிழட்டு ஆண் பன்றியின் தோள்பட்டைத் தோல் செருப்புத் தோல் மாதிரி தடிப்பு. பெலட் அதில் புதைந்து நிற்கும், பன்றி ஓடிவிடும். பிறகு புண் சீழ் பிடித்து, எங்கேயோ ஓடையில் கிடந்து நாள் கணக்கில் சாகும். கிழங்கும் தப்பாது. அடுத்த இரவு வேறு பன்றி வரும்.

குரங்கு விஷயத்தில் எனக்குச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. பல வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலை எங்கள் போஞ்சிப் பந்தலில் ஒரு தாய்க் குரங்கு உட்கார்ந்திருந்தது. குட்டி வயிற்றைக் கட்டிப் பிடித்திருந்தது. தாயின் இடது முன்கை முழங்கைக்குக் கீழே வீங்கி, விரல்கள் மடங்காமல் தொங்கின. ஒரு கையால் போஞ்சியைப் பிடுங்கி, பல்லால் பிடித்துக்கொண்டு, அதே கையால் கம்பைப் பற்றி நகர்ந்தது. யாரோ எயார் ரைபிளால் அடித்திருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் எனக்குப் போஞ்சியில் பாதி நட்டம், ஆத்திரமும் இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு நான் துவக்கை எடுக்கவில்லை, இன்றுவரை குரங்கை நோக்கி எடுத்ததில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடம் எல்லோரும் தங்கள் தோட்டத்துக்கு வரும் விலங்குகளை எண்ண வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதே, அன்றைக்கும் நான் தாளும் பேனையுமாக அதே பந்தலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பதினொரு குரங்கு எண்ணினேன். நட்டம் உண்மை, மறுக்கவே மாட்டேன். ஆனால் இந்தத் துவக்கு அதற்கு மருந்து இல்லை. கம்பிச் சுருக்கும் மருந்து இல்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டிச் செத்ததை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு எதற்கு வைத்திருக்கிறேன்? எலிக்கு. விதைக்கிழங்கு வைக்கும் அறைக்குப் பின்னால் ஒரு குப்பைக் குழி. அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வெட்டிய மண்மேடு. அந்தியில் எலிகள் மேட்டடியில் வரிசையாக வரும். இருபது மீற்றர் தூரம். பாதை இல்லை, லயம் இல்லை, தவறினாலும் பெலட் மண்ணுக்குள்தான் போகும். ஒரு பருவத்தில் ஐம்பதுக்கு மேல் விழுத்தியிருக்கிறேன். தலையில் பட்டால் துடிப்பதற்கும் நேரமில்லை. இந்த ஒரு வேலையில் இந்தத் துவக்கு என்னை ஒருநாளும் ஏமாற்றவில்லை. எலிக்கு நஞ்சு வைத்தால் அதைத் தின்ற எலியை ஆந்தை தின்னும், பூனை தின்னும். அந்தப் பயம் இதில் இல்லை.

இனி நம் ஊர்க் காலநிலை. இதைப் பற்றி வெளிநாட்டுக்காரர் யாரும் எழுதுவதில்லை, இங்கே வைத்திருப்பவனுக்கோ இதுதான் பெரிய தலைவலி. நுவரெலியாப் பக்கம் மே, ஜூன் வந்தால் சுவரே வியர்க்கும். முதல் வருடம் துணி உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் குழல் முழுக்கப் பழுப்புப் புள்ளி, மரக்கட்டையில் பச்சைப் பூஞ்சணம். உறைதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்புறம் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது பூட்டிய பெட்டிக்குள் உறை இல்லாமல்தான் இருக்கிறது. சுட்டு முடிந்த ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் வெளியே துடைக்கிறேன். விரல் பட்ட இடத்தை முக்கியமாகத் துடைக்க வேண்டும், நம் வியர்வை உப்பு அங்கேதான் துருவைத் தொடங்கும். ஈய பெலட்டும் ஈரத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். மூடி இறுக்கமான டின்னில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த வருடங்களில் இரண்டு டின்னை வைத்து எண்ணி எண்ணிச் சுட்டதால் இந்தப் பழக்கம் வந்தது.

குளிரில் தடித்த கிரீஸ் இன்னும் தடிக்கும். ஜனவரி விடியலில் முதல் இரண்டு மூன்று குண்டு கொஞ்சம் கீழே போகும், பிறகு சரியாகும். உயரமும் கொஞ்சம் வேலை காட்டும். மேலே காற்று மெல்லியது, அதனால் உள்ளே பிஸ்டன் அமுக்குவதற்குக் கிடைக்கும் காற்றும் கொஞ்சம் குறைவு. பதிலுக்கு வெளியே போன பெலட்டை இழுத்துப் பிடிக்கும் காற்றும் குறைவு.

இந்தத் துவக்கை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கழற்றிப் பூட்டலாம். 2011இல் ஸ்பிரிங் சோர்ந்து அடி மெதுவாகிவிட்டது. டவுனில் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை, காற்றுத் துளை வழியாகத் தாராளமாக எண்ணெய் விட்டுத் தந்துவிட்டார். வீட்டுக்கு வந்து முதல் குண்டு சுட்டேன். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம், குழல் வாயில் நீலப் புகை. அமுங்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்து வெடித்திருக்கிறது, டீசல் எஞ்சினில் நடப்பது போல. அப்படி நாலு முறை வெடித்ததில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீல் கருகி ஓரம் பிய்ந்துவிட்டது. தயவுசெய்து யாரும் தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதையும் அந்தத் துளைக்குள் விடாதீர்கள்.

அதன் பிறகு நானே கழற்றக் கற்றுக்கொண்டேன். எச்டபிள்யூ 80இல் பின்மூடி மரை போட்டது. மரக்கட்டையின் ஸ்குரூக்களைக் கழற்றி, விசைப் பெட்டியை எடுத்து, பின்மூடியைச் சுற்றிச் சுற்றி வெளியே எடுக்க வேண்டியதுதான். பல துவக்குகளில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். இதில் மரை நீளமாக இருப்பதால் ஸ்பிரிங்கின் உந்தலைக் கடைசிப் புரி வரை மரையே தாங்குகிறது. கடைசிப் புரியில் மட்டும் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும், முகத்தை நேரே வைக்கக் கூடாது. உள்ளே இருந்து வந்த பழைய ஸ்பிரிங்கை மேசையில் உருட்டினேன். நேராக உருளாமல் வளைந்து வளைந்து போனது. அதைப் பார்த்ததுமே சோர்வுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. புது ஸ்பிரிங், புதுச் சீல், மோட்டார் கடையில் வாங்கிய மொலி (மொலிப்டினம் கலந்த) கிரீஸ் ஸ்பிரிங்குக்கு மட்டும் மெல்லிய பூச்சாக. அவ்வளவுதான். பூட்டிச் சுட்டபோது அந்தப் பழைய ‘டங்’ அதிர்வு போய், மரக்கதவைச் சாத்துவது போல ஒரு அடக்கமான சத்தம் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்தக் கம்பனி இன்றும் இதே மாடலைச் செய்வதால், யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது பாகம் எடுப்பிக்க முடிகிறது.

சுடும் முறைக்கு வருகிறேன். இது ஸ்பிரிங் துவக்கு. பெலட் குழலை விட்டுப் போகும் முன்பே துவக்கு பின்னும் முன்னும் ஆடிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் படும். இடது உள்ளங்கையைத் திறந்து வைத்து, அதன் மேல் துவக்கு தானாக இருக்கும்படி விட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. புரிந்த பிறகு 30 மீற்றரில் ஐந்து குண்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் போட முடிந்தது. 30 மீற்றருக்குச் சரிசெய்து வைத்தால் 50 மீற்றரில் என்னுடையது நாலு அங்குலம் தாழும். நம் மலையில் சரிவையும் பார்க்க வேண்டும். மேல் நோக்கிச் சுட்டாலும் கீழ் நோக்கிச் சுட்டாலும் நினைத்த இடத்துக்கு மேலேதான் படும். இந்த ஆட்டத்தில் சாதாரண ஸ்கோப் நொறுங்கிவிடும், எனக்கு இரண்டு போயிருக்கின்றன. ஸ்பிரிங் துவக்குக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

இப்போது வரும் காற்று நிரப்பும் ரைபிள்களை நானும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். ஆட்டமே இல்லை, துல்லியம் அபாரம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு 200 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும். டயர் கடைக் கம்ப்ரஸர் பத்து பாரைத் தாண்டாது. கைப் பம்பு அடிக்க வேண்டும், வளையச் சீல் ஒன்று கசிந்தால் அன்றோடு வேலை நின்றுவிடும். நகரத்தில் வசதியோடு இருப்பவர் தாராளமாக அதை எடுக்கலாம். தோட்டத்தில் இருக்கும் எனக்குக் குழலை மடித்தால் சுடும் இதுதான் தோது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பொலிஸிலும் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள், பத்திரம் இல்லாத துவக்கைக் கையால் தொடாதீர்கள். பிறகு, குழல் சேரும் வாயில் ஒரு துண்டு டிஷூ தாளை வைத்து, பெலட் போட்டுச் சுடச் சொல்லிப் பாருங்கள். தாள் பறந்தால் வாய்ச் சீல் கசிகிறது. அது சின்னச் செலவு. குழலை மடித்ததும் பாதுகாப்புப் பொத்தான் தானாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் வாங்காதீர்கள். பெலட் போடும்போது மறுகை குழலைவிட்டு எடுபடவே கூடாது, விசை நழுவினால் குழல் மேலே பாய்ந்து விரலை எடுத்துவிடும். லயங்களில் தகரத்துக்கும் பலகைக்கும் அந்தப் பக்கம் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் நான் ஒருநாளும் விசையைத் தொட்டதில்லை.

தம்பிக்குத் துவக்கைக் கொடுக்கவில்லை. மறுநாள் அவன் பாத்தியைச் சுற்றி வேலி அடிக்கக் கூடப் போனேன். பழைய தகரம், சவுக்குக் கம்பு, அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்துக் கட்டினோம். மகளுக்கு இந்தப் பொங்கல் லீவில் சீல் மாற்றக் கற்றுக் கொடுக்கப் போகிறேன். குழலை மடிக்க இன்னும் அவளுக்குப் பலம் போதாது. ஆனால் பின்மூடியின் மரையைச் சுற்றிக் கழற்ற அவள் கையே போதும்.